மாப்பிள்ளை செட்

காலையில் கடையைத் திறந்து கம்ப்ரெசரைப் போட்டேன். அதில் காற்று நிறைவதற்குள் பால்பாண்டி வந்து நின்றான். காரை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போனை மட்டும் ஜன்னல் வழியாக நீட்டினான். சரியாகத் தூங்காதவன் முகம் அவனுக்கு எப்போதும் உண்டு. எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் பதினோரு பேருக்கும் அதே முகம்தான். அன்றைக்கு அதில் பயமும் சேர்ந்திருந்தது.

போனில் போலீஸ் அறிவிப்பு. முந்தின நாள் இருட்டும் நேரத்தில் வத்தலக்குண்டு சாலையில் ஒரு பெண்ணை வண்டி மோதியிருக்கிறது. அந்த இடத்தில் நின்ற ஒரே வண்டி பால்பாண்டியுடையது. மோதிவிட்டுப் பயத்தில் அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிப் போட்டு ஓடியிருக்கிறான் என்று சந்தேகம். சாயங்காலத்துக்குள் வண்டியோடு ஆஜராக வேண்டும்.

"அக்கா, நான் வீட்ல தூங்கிக்கிட்டு இருந்தேன். ஒங்களுக்கே தெரியும்ல?"

எனக்குத் தெரியும். அதுதான் கஷ்டம்.

சக்கரம் சாட்சி சொல்லும் காலத்தில் வந்து பிறந்து தொலைத்திருக்கிறோம். முன்பெல்லாம் நம்பர் பிளேட்டைத்தான் பிடிப்பார்கள். நம் ஆட்கள் அதை மடக்கினார்கள், சேறு பூசினார்கள், மூன்றை எட்டாக்கினார்கள். அலுத்துப்போன அரசாங்கம் பிளேட்டை விட்டுவிட்டு டயரைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு ஒட்டிக் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சர் இருக்கும். ஆதியில் அதற்கு ஒரே வேலைதான், காற்று குறைந்தால் டிரைவருக்குச் சொல்வது. இப்போது அது தன் நம்பரை ரோட்டுக்கும் கத்திச் சொல்கிறது. ரோட்டோரம் நட்டிருக்கும் கம்பங்கள் அதைக் கேட்டு எழுதிக்கொள்கின்றன. காதுக் கம்பம் என்று ஊரே சொல்கிறது. டோல், அபராதம், பெர்மிட், கேஸ் எல்லாம் சக்கரத்தின் பேரில்தான்.

எந்தச் சக்கரம் எந்தக் காருக்குச் சொந்தம் என்று காரிடம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. புதுச் சக்கரம் மாட்டினாலோ, சென்சருக்குள் பேட்டரி செத்துப்போய் வேறு வைத்தாலோ, என்னிடம்தான் வரவேண்டும். கருவியை வால்வு பக்கத்தில் காட்டிச் சென்சரை எழுப்ப வேண்டும். நாலு நம்பரையும் படித்து, டேஷ்போர்டுக்குக் கீழே ஒயரைச் செருகிக் காருக்குள் எழுத வேண்டும். பிறகு வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். ஓடும்போதுதான் கார் தன் சக்கரங்களைக் காது கொடுத்துக் கேட்டு, ஆமாம் என்னுடையதுதான் என்று பதிவுக்குச் சொல்லும். அதுவரை டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். என் முழங்கால் இரண்டும் இந்த வேலையில்தான் போயிற்று.

ஸ்டாண்டுக்கென்று பொதுவாக ஒரு செட் சக்கரம் உண்டு. நாலும் புது டயர், பளபளக்கும் அலாய் வீல். வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்டப் போகும் வண்டிக்கு அதை மாட்டிவிடுவோம். சான்று வாங்கிய மறுநாள் கழற்றி, பழைய மொட்டை டயரையே மாட்டிக்கொள்வார்கள். மறுவாரம் அதே செட் அடுத்த வண்டியில் ஏறும். கல்யாணத்துக்கு வாங்கிய ஒரே கோட்டை ஊரிலுள்ள மாப்பிள்ளைகள் எல்லாரும் போட்டுக்கொள்வது மாதிரி. அதனால் அதற்குப் பெயரே மாப்பிள்ளை செட். தப்புதான். நாலு புது டயர் வாங்க வக்கிருந்தால் எவனும் இந்த வேலை பார்க்க மாட்டான்.

முந்தின நாள் மதியம்தான் பால்பாண்டி காரிலிருந்து அந்தச் செட்டைக் கழற்றி, சந்தியாகு அண்ணன் காரில் மாட்டினேன். அவருக்கு மறுநாள் எஃப்.சி. இரண்டு காருக்கும் எழுதியும் கொடுத்தேன்.

"எழுதிக் கொடுத்தப்ப என்னடா சொன்னேன்? பைபாஸ் வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீக."

"ஓட்டுனியா?"

தலையைக் குனிந்துகொண்டான். அவன் வீடு என் கடைக்குப் பின்சந்து. நேராக அங்கே போய் நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறான். தெருமுனை திரும்புவதற்குள் எந்தக் கார்தான் எதைக் கேட்கும்? பழைய கார் விட்டுக்கொடுத்தால்தான் புதுக் காருக்குச் சொந்தம் போகும். ஒரே சக்கரத்தை இரண்டு கார் உரிமை கொண்டாடப் பதிவு விடாது. ஆகவே சந்தியாகு அண்ணன் காரில் ஓடிய மாப்பிள்ளை செட், கம்பங்களின் கணக்கில் பால்பாண்டியின் சக்கரமாகவே ஓடியிருக்கிறது.

"அப்ப அண்ணந்தான் அடிச்சாரா?" என்றான்.

சந்தியாகு அண்ணன் ஸ்டாண்டிலேயே நிதானமான டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் மகள் ரெஜினா அதே ரோட்டில்தான் செத்துப்போனாள். ஸ்கூட்டியிலிருந்து விழுந்து கிடந்தவளைத் தாண்டி வரிசையாக வண்டிகள் போயிருக்கின்றன. ஒன்றுகூட நிற்கவில்லை. போனவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. கம்பத்துக்கு இரண்டே சங்கதிதான் தெரியும்: எந்தச் சக்கரம் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது. மோதியவன் நூறு பேரோடு நூற்றோராவது ஆளாகப் போய்விடுவான். நின்றவன் மட்டும் தனியாகத் தெரிவான். அவனுக்குத்தான் நோட்டீஸ் வரும். கம்பம் நட்ட பிறகு எங்கள் ஊரில் விழுந்தவர்களைத் தூக்க ஆள் இல்லாமல் போனது இப்படித்தான்.

போன் போடலாம் என்று எடுக்கும்போதே அவர் கார் வந்துவிட்டது. நாலு காலிலும் மாப்பிள்ளை செட் பளபளத்தது. எஃப்.சி.க்கு அவர் போகவில்லை. பின்சீட்டைப் பார்த்தேன். கவர் இல்லை. வெறும் சீட்டில் கழுவிய ஈரம் இருந்தது.

அறிவிப்பைப் படித்துவிட்டு, போனைப் பால்பாண்டியிடமே கொடுத்தார்.

"நாந்தாண்டா நின்னேன். அடிச்சது நான் இல்ல. முன்னாடி எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான். மில்லுக்குப் போயிட்டு வர்ற புள்ள, சாப்பாட்டுத் தூக்கு ரோட்டுல உருண்டு கெடக்கு. எனக்கு முன்னாடி போன வண்டியெல்லாம் வளைச்சு வளைச்சுப் போறாய்ங்க. என்னால முடியல."

"தூக்குனீங்களா?"

"தூக்கிப் பின்சீட்டுல போட்டுப் பெரியாஸ்பத்திரியில எறக்குனேன். பேரு கேட்டாங்க. பேரச் சொன்னா வண்டியப் பாப்பாங்க, வண்டியப் பாத்தா சக்கரத்தப் பாப்பாங்க. செட்டு விவகாரம் வந்தா பதினோரு வண்டியும் போயிரும். அதான் சொல்லாம வந்துட்டேன். இப்ப நானே ஸ்டேஷனுக்குப் போறேன். இந்தப் பய எதுக்கு மாட்டணும்?"

நான் அவரை நம்பினேனா? பாதிதான். நல்லவன் வண்டியிலும் மோதும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கருவியை எடுத்து முன் வலது சக்கரத்தின் பக்கத்தில் குந்தினேன்.

"என்னக்கா பண்றீக?" என்றான் பால்பாண்டி.

"சென்சரு நம்பரு மட்டும் சொல்லாதுடா. ஒரு நாள் ஆட்டத்த உள்ள வச்சிருக்கும். குழியில எறங்குனது, கல்லுல ஏறுனது, எல்லாம். மறுநாள் ஓட்டம் அதுமேல ஏறிரும். இன்னும் அழிஞ்சிருக்காது."

"அத போலீசு பாக்காதா?"

"கம்பத்துல நம்பரு மட்டுந்தான் வரும். இது கிட்டக்க வந்து ஒவ்வொரு சக்கரமாப் படிக்கணும். யாரு மெனக்கெடுறா?"

ஒவ்வொன்றாகப் படித்தேன். வண்டி சீராக வந்திருக்கிறது. மெதுவாகக் குறைந்து நின்றிருக்கிறது. நிற்பதற்கு முன் எந்தச் சக்கரத்திலும் ஒரு குலுங்கல் இல்லை. ஆளை மோதிய வண்டி இப்படி வராது. பின் இடது சக்கரத்தைப் படித்தபோது கருவித் திரையில் கோடு ஓரிடத்தில் லேசாக மேலே ஏறியது. வண்டி நின்றுகொண்டிருந்தபோது அந்தச் சக்கரத்தின் மேல் பாரம் ஏறியிருக்கிறது. ஒரு பெண்ணின் எடை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி நம்பிக்கை வைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"அப்பச் சரி," என்றார் அண்ணன். "இதக் காட்டுனா விட்டுருவாங்க."

"மோதுன கேஸுல விடுவாங்க. ஒங்க கார்ல பால்பாண்டி சக்கரம் எப்பிடி வந்துச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லுவீங்க?"

கம்ப்ரெசரை அணைத்துவிட்டு இருவரிடமும் உள்ளதைச் சொன்னேன். யார் காரில் இந்த நாலு சக்கரத்தை மாட்டுகிறேனோ, அவன் அந்த ரோட்டில் நின்றவன் ஆவான். சந்தியாகு அண்ணன் காரிலேயே விட்டால் ஸ்டாண்டே மூடும், என் லைசென்ஸும் போகும். பால்பாண்டி காரில் மாட்டினால் சக்கரமும் பதிவும் ஒத்துப்போகும், குலுங்கல் இல்லை என்பதும் அவன் பேரிலேயே நிற்கும். ஆனால் அவன் செய்யாததைச் செய்ததாகப் போய்ச் சொல்ல வேண்டும். போலீஸ் நம்பாவிட்டால் தூங்கியவன் ஜெயிலுக்குப் போவான்.

இதை நான் சொல்லி முடித்ததும் பால்பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெளையாடுறீகளா? என் வீட்ல அவ ஆறு மாசம். நான் எங்கயோ போயி உள்ள ஒக்காந்துக்கிட்டா அவளை யாரு பாப்பா?"

"வேண்டாம்டா, நான் போறேன்னு சொல்றேன்ல," என்றார் அண்ணன். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியேவிட்டார்.

பால்பாண்டி அவர் காரின் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் போய் அவர் கையைப் பிடித்தான். "இருங்கண்ணே. என்ன நடந்துச்சுன்னு ஒண்ணுவிடாமச் சொல்லுங்க. எங்க நிறுத்துனீங்க, எப்பிடித் தூக்குனீங்க, எல்லாம்."

அண்ணன் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டான். நான் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு காரையும் தூக்கினேன். எட்டுச் சக்கரம். நேற்று மாட்டியதைக் கழற்றி, நேற்று கழற்றியதை மாட்டி, நேற்று எழுதியதை அழித்து எழுதினேன். அலுப்பில் அழுகை வந்தது.

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். எஸ்.ஐ. தனுஷ்கோடி விடிய விடிய டூட்டி பார்த்தவர் போலிருந்தார். பால்பாண்டி கதையை ஒப்பித்தான். நடுவில் இரண்டு முறை தடுக்கினான். அவர் குறுக்கிடவில்லை. வெளியே வந்து, தங்கள் கருவியால் நாலு சக்கரத்தையும் தானே படித்தார். பின் இடது சக்கரத்தின் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"குலுங்கலே இல்ல," என்றார்.

"இல்ல சார்."

"இதுவரைக்கும் எத்தனையோ பேரு இந்த மாதிரி வந்திருக்கான். நான் அடிக்கல, தூக்கத்தான் நின்னேன்னு. நாங்க படிக்கப் போறதுக்குள்ள அழிஞ்சிருக்கும்." எழுந்தவர் வீல் போல்ட்டை விரலால் தடவினார். விரலில் புது கிரீஸ் ஒட்டியது. என்னைப் பார்த்தார். "ஏம்மா, இன்னைக்குத்தான் கழட்டி மாட்டுன மாதிரி இருக்கு?"

"டயர மாத்தி மாத்திப் போட்டேன் சார். ஒரே பக்கமாத் தேயக்கூடாதுல்ல."

அவர் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

கேஸ் அதோடு முடிந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. உதவத்தான் நின்றது என்று விடுவிக்கப்பட்ட முதல் வண்டி என்று பேப்பரில் வந்துவிட்டது. மேலிடத்தில் யாருக்கோ உறைத்து, ஒரே வாரத்தில் நல்லுதவி முத்திரை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முத்திரை உள்ள சக்கரம் விபத்து நடந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் கம்பம் கண்டுகொள்ளாது, நோட்டீஸ் வராது. ஸ்டேஷன் வாசலில் பந்தல் போட்டு பால்பாண்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தூக்கத்தில் எழுப்பி உட்காரவைத்த குழந்தை மாதிரி விழித்தான். சந்தியாகு அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்.

முத்திரை ஆளுக்கா, காருக்கா என்று நான் எஸ்.ஐ.யிடம் கேட்டேன்.

"ஆளக் கம்பம் எங்கம்மா பாக்குது? பால்பாண்டி கார்ல பதிஞ்ச அந்த நாலு சக்கரத்துக்கு. வேற கார்ல எழுதுனா போயிரும்," என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "எழுதுனாத்தான்," என்றார்.

அன்று மதியம் போட்டோ எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். போனது சந்தியாகு அண்ணன் காரில், ஓட்டியதும் அவர்தான். வார்டுக்குள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் நின்றுகொண்டார். அந்தப் பெண் பேர் செல்லக்கிளி. காலில் பெரிய கட்டு, நெற்றியில் தையல், முகமெல்லாம் வீக்கம். பால்பாண்டி பொன்னாடையோடு போய்க் கட்டில் ஓரத்தில் நின்றான். போட்டோக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்புறம்தான் அவள் பேசினாள்.

"அண்ணே, எனக்கு ஒங்க மொகம் ஞாபகம் இல்ல. கண்ணுல ரத்தம். நீங்க பேசுனது மட்டும் ஞாபகம் இருக்கு."

பால்பாண்டிக்கு வேர்த்துவிட்டது. பேசியதைப் பற்றி அண்ணன் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"கண்ண மூடாத தாயி, என் மகளும் அங்கதான் இருக்கா, அவளப் பாக்கத்தான் போய்க்கிட்டு இருக்கேன், நீயும் கூட வான்னு சொல்லிக்கிட்டே வந்தீங்கள்ல. அதக் கேட்டுக்கிட்டேதான் முழிச்சுக் கெடந்தேன். ரெஜினான்னுதான பேரு? ஒடம்பு சரியாயிருச்சா?"

பால்பாண்டி வாசலைத் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். சந்தியாகு அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"சரியாயிருச்சும்மா," என்றான் பால்பாண்டி. "வீட்டுக்கு வந்துருச்சு."

"நல்லாருக்கட்டும்," என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது பால்பாண்டி பொன்னாடையை மடித்துப் பின்சீட்டில் வைத்தான். அந்த வெறும் சீட்டில் அதை விரித்துவிட்டே இறங்கினான். அண்ணன் அதை எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் சந்தியாகு அண்ணன் கடைக்கு வந்தார். கூடவே பால்பாண்டியின் காரும் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தச் சொன்னார்.

"அந்தச் செட்டக் கழட்டி எனக்கு மாட்டு ஜெசி."

"எஃப்.சி.க்கா? அதான் போன வாரமே கைக்காசு போட்டு நாலு டயரு வாங்கிக் காட்டிட்டீங்களேண்ணே?"

"எஃப்.சி.க்கு இல்ல. நெலக்கோட்டைக்கு ஒரு சவாரி. திரும்பி வர இருட்டிரும்."

வத்தலக்குண்டு ரோட்டில்தான் போக வேண்டும். நான் பால்பாண்டியைப் பார்த்தேன். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். "எனக்கு ராத்திரி ஓட்டம் இல்லக்கா. எங்காரு கட்டை மேல நிக்கட்டும். நான் போய்த் தூங்குறேன்," என்றான்.

நாலு சக்கரத்தையும் மாற்றி போல்ட்டை இறுக்கினேன். வழக்கப்படி கருவியை எடுக்கக் கை போனது. பெட்டியைத் திறக்காமல் கையை எடுத்துக்கொண்டேன்.

"எழுதாம விட்டா மஞ்ச வெளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்ணே. காரு அது தன் சக்கரம் இல்லைன்னு சொல்லிக்கிட்டே வரும்."

"சொல்லட்டும்," என்றார். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். ரோட்டில் ஏறும்போது டேஷ்போர்டில் மஞ்சளாக எரிவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

ஊரில் நின்று பார்க்க அனுமதி உள்ள சக்கரம் நாலே நாலுதான். நினைத்தால் வயிறு எரிகிறது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கடையைக் கூட்டிப் பெருக்கினேன்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டாண்டிலிருந்து இன்னொருத்தன் வந்தான். ஜாக்கிக்குப் பக்கத்திலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"கொடைரோடு வரைக்கும் போறேன்க்கா. செட்டு சும்மா இருக்கா?"

எதுக்கு என்று நான் கேட்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தேன்.